ரொட்டிக்குள் போன கயிறு

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பக்கத்து வீட்டுக்காரி புதுசாகக் காசுமாலை போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. என் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் அவர் எவளைப் பார்த்து இளித்தாலும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த மூஞ்சிக்கு எவள் மயங்கப்போகிறாள் என்கிற தைரியம். ஆனால் முகத்தைக்கூடப் பார்க்காத ஒரு பொம்பளையை நினைத்து என் வயிறு பற்றி எரிந்தது. ரொட்டி அடுப்பு அணைந்த பிறகும் அது அணையாது. அவள் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் அலர்மேலு அவளைச் சின்னம்மா என்பாள்.

மர்பி டவுனில் பிரிஜெட் ரொட்டிக்கடை எது என்று கேட்டால் யாரானாலும் கை காட்டுவார்கள். பிரிஜெட் நான்தான். புருஷன் போன பிறகு கடையை நானும் என் தம்பி ஜெயராஜும் பார்த்துக்கொள்கிறோம். நான் மாவு பிசைந்து சுடுவேன். அவன் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பிரேசர் டவுன் வரைக்கும் வீடு வீடாகப் போட்டுவிட்டு வருவான். இரண்டாவது ஜெர்மன் சண்டை வந்து ஊர் முழுக்கப் பட்டாளம் இறங்கியிருந்த சமயம், கன்னியாஸ்திரீகள் நடத்துகிற விடுதியிலிருந்து மதர் ஒருநாள் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். அலர்மேல்மங்கை என்று பெயர். இருபத்திரண்டு வயது இருக்கும்.

"நல்ல பொண்ணு பிரிஜெட். வேலை கத்துக் குடு. ரொம்பக் கேள்வி கேக்காதே" என்றார் மதர்.

கேள்வி கேட்காதே என்றால் எனக்குச் சோறு இறங்குமா? கேட்டேன். மதரும் சொல்லிவிட்டார். குடியாத்தத்துப் பக்கத்துப் பெண். துரை வீட்டில் ஆயா வேலை என்று ஒருவன் ஆசை காட்டி ரயில் ஏற்றிக் கூட்டிவந்து, பட்டாள லைனுக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். அந்த வீட்டை நடத்தியவள்தான் சின்னம்மா. சோல்ஜர்கள் வருவார்கள், போவார்கள். கடைசியில் போலீஸ் புகுந்து பெண்களை விடுதியில் கொண்டுவந்து விட்டது. சின்னம்மா ஜெயிலுக்குப் போன சுருக்கில் வெளியே வந்து வேறு தெருவில் வீடு பிடித்துவிட்டாள். இவளுடைய அப்பனுக்கு மதர் சொல்லி அனுப்பியதற்கு, அப்படி ஒரு மகள் எங்களுக்குக் கிடையாது என்று பதில் வந்தது. ஊரில் இவளுக்கு ஒரு தங்கச்சி மட்டும் உண்டு.

வந்த அன்றைக்கே இது சாதாரணப் பாடு இல்லை என்று தெரிந்துவிட்டது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மொதலாளிம்மா, தண்ணி குடிக்கலாமா?" என்கிறாள்.

"குடியேன்டி. பானைக்கென்ன பூட்டா போட்டிருக்கு?" என்றேன்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். உட்காரக் கேட்பாள், கொல்லைப்பக்கம் போகக் கேட்பாள், தலை சீவக் கேட்பாள். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நிற்பாள். ஆரம்பத்தில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. தொண்டை கிழியக் கத்தினாலும் ஜெயராஜ் அசைகிற ஜென்மம் இல்லை, இவள் ஒரு சொல்லுக்கு ஓடுகிறாளே என்று. அப்புறம்தான் உறைத்தது. அந்த ஓட்டம் எனக்காக ஓடுகிற ஓட்டமே இல்லை. எவளோ பழக்கி வைத்ததை நான் உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் இன்னும் மோசம். முகம் கழுவி, பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு வாசல் பார்த்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"யாருக்குடி இந்த அலங்காரம்?"

"யாருக்கும் இல்லீங்க. விளக்கு வெக்கறப்ப மொகம் வாடியிருந்தா சின்னம்மாவுக்குப் பிடிக்காது."

"அவதான் இங்க இல்லையேடி!"

அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவம் இந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று இரக்கப்படுகிற பார்வை. அன்றைக்கு ராச்சாப்பாடு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சின்னம்மா வைக்கிற ரசம் மாதிரி வராதாம். சின்னம்மா எண்ணெய் தேய்த்துவிட்டால் தூக்கம் சொக்குமாம். அடித்ததையும் அதே குரலில்தான் சொல்வாள். "நான் தப்புப் பண்ணேன், அடிச்சாங்க" என்று ஏதோ ஞாயிற்றுக்கிழமை கறி சமைத்த கதை மாதிரி. ஈஸ்டருக்கு முன்னால் இவள் விஷ ஜுரம் கண்டு படுத்துவிட்டாள். கடையை ஜெயராஜ் தலையில் கட்டிவிட்டு இவள் தலைமாட்டிலேயே கிடந்தேன். ஈரத்துணி போட்டது நான், பீ மூத்திரம் அள்ளியது நான், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டது நான். ஜுரம் விட்டுக் கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "சின்னம்மா வந்தாங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஊட்டினேன். ஊட்டிக்கொண்டே அந்தப் பாவியை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி வைதேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏன்டி, அவ கதவப் பூட்டி வெச்சிருந்தாளா?"

"இல்லீங்க. சின்னம்மா கதவு பூட்டவே மாட்டாங்க. போறவங்க தாராளமாப் போலாம்னுதான் சொல்லுவாங்க."

"அப்புறம் நீ ஏன் போகல?"

வலது கை மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். கறுப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தால் கயிற்றோடு சேர்த்து ஒரு நரைத்த முடி முறுக்கியிருப்பது தெரியும். சின்னம்மா தன் தலையிலிருந்து பிடுங்கிய முடி. வந்த அன்றைக்கே மஞ்சள் தடவி, கற்பூரம் கொளுத்தி, தன் கையால் கட்டிவிட்டாளாம். 'இது உன் கையில இருக்கிற மட்டும் ஊர்ல உன் தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது. அறுந்துபோச்சுன்னா அன்னிக்கு விளக்கு வெக்கறதுக்குள்ள எங்க இருந்தாலும் என்கிட்ட வந்துடணும். வரலைன்னா அந்தப் புள்ள சாவுக்கு நீதான் பொறுப்பு' என்று சொன்னாளாம். பூட்டு எதற்கு அவளுக்கு?

"கொண்டா கையை, இப்பவே அறுத்துப் போடறேன்" என்று கத்தரிக்கோலை எடுத்தேன். இவள் ஓடுவாள், அழுவாள் என்று பார்த்தால், கையை நீட்டிவிட்டாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. "நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். அறுத்தால் அந்தச் சின்னம்மாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கத்தரிக்கோலை டப்பாவில் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு மாதா உத்தரியம், நாடாவில் கோத்த மாதா படத் துணி, வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். என் கழுத்தில் கிடக்கிற உத்தரியத்தைத் தினமும் பார்க்கிறாளே, அதற்காவது ஒரு மரியாதை வேண்டாமா? வேறொருத்தி தலைமுடி மட்டும் ராப்பகலாகக் கையில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருதடவை அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது இவள் உள்ளங்கை பொத்துப்போய்விட்டது. தோல் உரிந்து தொங்குகிறது. "வலிக்குதாடி?" என்றால், "இல்லீங்க" என்கிறாள். அந்த வீட்டில் எவளாவது வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். அப்புறம் நாள்கணக்கில் அவளோடு பேசமாட்டாளாம். மற்றப் பெண்களும் பேசக்கூடாது. அடியைவிட அதுதான் பயம் என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். இவள் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம், சித்தி என்று கூப்பிட வேண்டாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் முகத்தைப் பார்த்து வலிக்கிறது என்று சொன்னால் போதும். அதை அந்தச் சின்னம்மா ஏழு ஜென்மம் எடுத்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. மாவுத்தொட்டியில் கை வைக்கிறவள் வளையல், மோதிரம், கயிறு எதுவும் போட்டிருக்கக் கூடாது. நான் சொல்லி இவள் தட்டிய ஒரே சொல் அதுதான். தட்டினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு மரமாக நின்றாள். சரி தொலை என்று கயிற்றின்மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அப்படியே நடந்துவந்தது.

அன்றைக்குக் காலையில் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவு வழக்கத்தைவிடப் பொங்கியிருந்தது. அலர்மேலு கடைசித் தொட்டியை அமுக்கிப் பிசைந்தாள், அச்சில் போட்டோம், சுட்டோம். ஜெயராஜ் பெட்டியை நிரப்பிக்கொண்டு போய்த் திரும்பியும் வந்துவிட்டான். இவள் குழாயடியில் துணியை அவிழ்த்துக் கை கழுவப்போனவள், கொஞ்ச நேரம் கழித்து என் முன்னால் வந்து நின்றாள். மணிக்கட்டு மொழுக்கென்று இருந்தது.

"மொதலாளிம்மா, நான் போகணும்."

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று கேட்டால், ஒழிந்தது சனியன் என்றுதான் தோன்றியது. சந்தோஷத்தில் சிலுவைகூடப் போட்டுக்கொண்டேன். "மாதாவே பார்த்து அறுத்துவிட்டாங்கடி!" என்றேன். அவள் அசையவில்லை.

"விளக்கு வெக்கறதுக்குள்ள போகணுங்க. தங்கச்சி செத்துடுவா."

"ஏய், நீ போனா அவ திரும்ப விடமாட்டாடி உன்னை!"

"தெரியுங்க."

தெரியுமாம்! என் வயிற்றில் யாரோ கொள்ளிக்கட்டையைச் செருகினது மாதிரி இருந்தது. பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு கறுப்புக் கயிறு வாங்கிவந்தேன். "இந்தா, நான் கட்டறேன், வா."

"சின்னம்மா முடி வேணுங்க அதுல."

"நரைச்ச முடிதானே? என் தலையில இல்லாத நரையா?" என்று கொண்டையை அவிழ்த்து ஒரு முடியைப் பிடுங்கிக் காட்டினேன். பிடுங்கின வேகத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நீங்க கட்டினா பலிக்காதுங்க" என்றாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், இன்றைக்கு மழை வராது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஜெயராஜ் என்னைத் தனியாக இழுத்துப்போனான். "அக்கா, இது பெரிய பேஜாராப் போச்சு. பேசாம கதவச் சாத்தித் தாழ் போடு. இல்ல, போகாதேன்னு ஒரு அதட்டு அதட்டு. உன் குரலுக்கு நின்னுடுவா."

"நிப்பாடா. எனக்காகவா நிப்பா? அதட்டினவளுக்காக நிப்பா. நாளைக்கு அந்தச் சிறுக்கி வந்து தெருவுல நின்னு இன்னும் கொஞ்சம் கூடுதலா அதட்டினா அவ பின்னாலயே போவா."

பின்னே என்ன செய்வது என்று அவன் கையை விரித்தான். அவன் கையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. கயிறு எங்கே போயிருக்கும்? பிசைந்த வேகத்தில் துணிக்கடியில் அறுந்து, நழுவி மாவுக்குள்தான் போயிருக்கும். தொட்டியை வழித்துப் பார்த்தோம், இல்லை. கடைசித் தொட்டி ரொட்டி முழுக்க பிரேசர் டவுன் வாடிக்கைக்குப் போயிருந்தது.

நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். "அலர்மேலு, போறதும் இருக்கிறதும் உன் இஷ்டம். நான் கயிறத் தேடப் போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் கதவை நன்றாகத் திறந்து கல்லை அண்டைகொடுத்து வைத்தேன். ஜெயராஜ் தலையில் அடித்துக்கொண்டான். யார் யாருக்கு எந்த ரொட்டி போட்டான் என்று அவனிடம் கேட்டுக்கொண்டு ஜட்கா வண்டியில் ஏறினேன். எந்தக் கயிற்றை நாசமாய்ப் போகட்டும் என்று தினமும் சபித்தேனோ, அதே கயிறு கிடைக்க வேண்டும் என்று வழியெல்லாம் மாதாவை வேண்டி அருள்நிறை மந்திரம் சொன்னேன். என் கோலத்தைப் பார்த்து மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

முதலில் ரயில்வே ஹெர்பர்ட் வீடு. மனுஷன் வராந்தாவில் டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிரிஜெட், காலையில வந்த ரொட்டி பத்தலியா?"

"அந்த ரொட்டியைத் திருப்பித் தாங்க சார். நாளைக்கு ரெண்டா போடறேன்."

கொண்டுவந்து கொடுத்தார். அவர் கண்ணெதிரிலேயே வராந்தாவில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பிய்த்துப் பார்த்தேன். "மை காட், உனக்கு மூளை கீளை பிசகிடுச்சா?" என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். துகளெல்லாம் காக்காய்க்குப் போயிற்று. அடுத்த வீட்டில் பாதி ரொட்டியை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தார்கள். மிச்சத்தைப் பிய்த்தேன், அதிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார்கள். நாயும் வந்தது, ஆனாலும் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

கடைசியில் வெங்கடசுப்ரமணியன் அய்யர் வீடு பாக்கி. சர்க்கார் உத்தியோகஸ்தர். அந்த வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தால்தான் எங்கள் ரொட்டி உள்ளே போகும், டாக்டர் பாலும் ரொட்டியும் கொடுக்கச் சொன்னால் மட்டும். வாசலில் கால் வைத்தேனோ இல்லையோ, அவர் மனைவி ருக்மிணியம்மாள் பாய்ந்து வந்தார்.

"வாடியம்மா வா! உன்னைத்தான் தேடிண்டிருக்கேன். கொழந்தை ஜுரத்துல கெடக்கறது, நறுக்கினா ரொட்டிக்குள்ளேர்ந்து கறுப்புக் கயிறு வரது! அதுல மயிர் வேற! யாரு எங்காத்துக்கு ஏவல் வெக்கச் சொன்னா? சொல்லு!"

எனக்கு உயிர் வந்தது. "எங்கம்மா அது?"

முற்றத்தில் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து, சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, குறுக்கே துடைப்பத்தைப் போட்டிருந்தார். அய்யர் ஆபீசிலிருந்து வந்ததும் கற்பூரம் வைத்துக் கொளுத்துவதாக ஏற்பாடு. நான் நெடுஞ்சாண்கிடையாக விழாத குறைதான்.

"ஏவல் இல்லம்மா, சத்தியமா இல்ல. மாவு பிசையறப்ப எங்க வீட்டுப் பொண்ணு கையிலிருந்து அறுந்து விழுந்துடுச்சு. அது இல்லாம அவ உயிரே போயிடும் போலத் துடிக்கிறா. குடுத்துடுங்கம்மா."

"யார் கட்டினது அது?"

என்ன சொல்வது? ஊரையடித்து உலையில் போட்டவள் என்று சொல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு, "அவளுக்கு ரொம்ப வேண்டியவங்க கட்டினது" என்றேன். அந்த வார்த்தை வெளியே வரும்போது நாக்கு வெந்துபோயிற்று.

அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். "நீ என்ன, அவளைப் பெத்தவளா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்க."

"பெத்தவ இருக்கறச்சே கயித்தை வேற யாரோவா கட்டுவா?" என்றார். பாவம், கள்ளமில்லாமல்தான் கேட்டார். இலையோடு எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு நல்லதாக வேறு ரொட்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜட்கா அல்சூர் ஏரிக்கரையோரம் வரும்போது இலையைப் பிரித்துப் பார்த்தேன். ரொட்டி நறுக்கிய கத்தியில் கயிறும் வெட்டுப்பட்டு ஒரு துண்டுதான் மிச்சம். அந்தத் துண்டில் முடிச்சும் இருந்தது, அவள் முடியும் இருந்தது. அடுப்பில் வெந்தும் அந்த முடி கருகவில்லை பாருங்கள்! தூக்கி ஏரியில் வீசிவிடலாமா என்று கை பரபரத்தது. வீசினால் இவள் அவளிடம் போய்விடுவாள். வீசாவிட்டால் அவள் முடி என் வீட்டிலேயே, என் சோற்றைத் தின்றுகொண்டு இருக்கும். எப்படிப் பார்த்தாலும் ஜெயித்தது அவள்தான். கண்ணில் காணாதவளோடு எப்படிச் சண்டை போடுவது? ஜட்காக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே இலையை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

தெருமுனையில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். நான்தானே கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

போகவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் படிக்கு உள்ளே, ஒரு கால் தெருவில். முகத்தில் பூசிய பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. தலையில் வைத்த பூ வெயிலில் சுருண்டுவிட்டது.

"நீ போனதும் பவுடர் பூசிப் பூ வெச்சுட்டு வந்து, அதுலேருந்து இப்படியே நிக்கிறாக்கா" என்றான் ஜெயராஜ். "உள்ள வான்னேன், வரல. தண்ணி குடுத்தேன், குடிக்கல. தெருவே வேடிக்கை பாக்குது."

"ஏன்டி, பைத்தியமா உனக்கு? இப்படி வெயில்ல நிப்பாங்களா?" என்று கத்தினேன்.

"நீங்க போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லலீங்க."

"உன் இஷ்டம்னு சொன்னேனேடி!"

"சொன்னீங்க." அவள் உதடு உலர்ந்துபோயிருந்தது. "அது எப்படின்னு எனக்குத் தெரியலீங்க."

தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொள்ளத் தோன்றியது. அப்படிச் செய்தால் கட்டை மாதிரி நிற்பாள் என்று தெரியும். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து மாவுப் பலகையில் உட்காரவைத்தேன். இலையைப் பிரித்தேன். கயிற்றைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சைக் கேட்டு எனக்கு மறுபடியும் காதில் புகை வந்தது. நாளெல்லாம் நாய்க்கடிக்குத் தப்பி அலைந்தவள் நான், மூச்சு வந்தது அந்தச் சின்னம்மா முடிக்கு.

"திரும்ப நான் கட்டினா பலிக்குமா, பலிக்காதா? அதச் சொல்லு முதல்ல."

யோசித்தாள். "சின்னம்மா போட்ட முடிச்சு அப்படியே இருக்குதுங்களே. பலிக்கும்."

மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். எட்டவில்லை. பாதி தூரத்துக்குக்கூட வரவில்லை. அவள் முகம் மறுபடி வெளுக்க ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டில் விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. கழுத்தில் கிடந்த உத்தரியத்தைக் கழற்றி, அதன் நாடாவைப் பல்லால் கடித்து ஒரு துண்டு அறுத்தேன். புருஷன் செத்தபோதுகூட நான் கழற்றாத உத்தரியம் அது. அந்தப் பொம்பளையின் கயிற்றோடு என் நாடாவைச் சேர்த்து முடிந்தேன். விரலில் அவள் முடி பட்டது, கூசியது. பட்டுத் தொலையட்டும் என்று அலர்மேலுவின் கையைச் சுற்றி இழுத்தேன். சும்மா இழுக்கவில்லை. அத்தனை நாள் வயிற்றெரிச்சலையும் சேர்த்து இழுத்தேன். இனிமேல் இது அறுந்தால் நான் அறுந்ததாகத்தான் அர்த்தம் என்று, ஒன்றுக்கு மேல் ஒன்றாக முடிச்சுப் போட்டேன்.

"மொதலாளிம்மா."

"என்ன?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் உதடு இரண்டும் ஏதோ ஒன்றைப் பிடித்துவைத்திருக்கிற மாதிரி இறுகியிருந்தது.

"என்னடி? சொல்லித் தொலையேன்."

"வலிக்குதுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே உறைந்துபோனாள். கண் மட்டும் என் முகத்தையே பார்த்தது, இது எப்போது அந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று. எனக்கோ கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. தம்பி எதிரில் அழுதால் காலத்துக்கும் கேலி பண்ணுவான், திரும்பிக்கொண்டால் மறைத்துவிடலாம். நான் திரும்பவில்லை. மூக்கு ஒழுக, நேருக்கு நேர் அவளைப் பார்த்துக்கொண்டே முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். என் சுண்டுவிரலை நடுவில் கொடுத்து மறுபடி கட்டினேன்.

"இப்ப?"

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிர்வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

தளர்த்தினேன்.